உப்பு டப்பாவக் கீழ வை, தம்பி

இன்னா தம்பி, ஒரு கையில டார்ச்சு, இன்னொரு கையில உப்பு டப்பா! ஐப்பசி மழை கொஞ்சம் விட்டா போதும், காம்பவுண்டு செவுத்தப் பிரதட்சணம் பண்ண ஆரம்பிச்சிடுற. மூணு நாளா மொட்டை மாடியிலேர்ந்து பாத்துகினுதான் இருக்கேன். குனியற, தூவுற, நிமிர்ற, இடுப்பப் புடிச்சிக்கிற. நத்தை சாவுதோ இல்லியோ, உன் செம்பருத்தி வேருக்கு உப்பு நல்லாவே சேருது. நாளைக்கு அது கருகினா அதுக்கும் நத்தை மேலதான் பழி போடுவ. அது திரும்பிப் பேசாதுன்ற தைரியம்.

உக்காரு. காபி குடிச்சிட்டுப் போ. நான் ஒண்ணும் படிச்சவன் கிடையாது. ஆனா இதே தாம்பரத்துல ஒரு காலேஜு விலங்கியல் லேபுல அட்டெண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பசங்க அறுத்துப் பாக்க ஏரி நத்தை புடிச்சாந்து தொட்டியில போட்டது இந்தக் கைதான். பைலா குளோபோசான்னு அதுக்குப் பேரு. 1925லயே கல்கத்தாவுல பைனி பிரசாத்துன்னு ஒருத்தரு, அந்த நத்தையோட குடலு, நரம்பு, சுவாசம் எல்லாத்தையும் படம் போட்டு எழுதி வெச்சிட்டாரு. அப்புறம் வந்த புரொபசருங்களுக்குப் புதுசா வரையறதுக்கு ஒண்ணுமில்ல, பசங்கள வரையச் சொல்லி மார்க்கு போட்டாங்க. 2014ல யூஜிசி அறுக்கறதையே நிறுத்தச் சொல்லிடிச்சி. போவட்டும், நத்தை பொழைச்சிதுன்னு சந்தோசப்பட்டேன். அதுக்குள்ள நத்தை இருந்த எடமெல்லாம் பிளாட்டு நம்பர் போட்டாச்சி.

அது கெடக்கட்டும். காலையில போய் நீ உப்பு போட்ட எடத்தப் பாத்தேன். மூணு சாதி செத்துக் கெடந்துது.

பெருசு ஒண்ணு. கூம்பு ஓடு, மொனை கூரு, பழுப்புல பட்டை பட்டையா கோடு, என் உள்ளங்கை நீளம் இருக்கும். அதுதான் ஆப்பிரிக்க நத்தை, உன் பப்பாளிக் கன்ன மொட்டையடிச்ச ஆளு. ரெண்டாவது சின்னது, படுக்கையா சுருண்ட தட்டை ஓடு, பழைய ரூவா நாணயத்துக்குக் கொஞ்சம் பெருசு. அது க்ரிப்டோசோனா. தென்னிந்தியாவும் இலங்கையுந்தான் அதுக்குச் சொந்த ஊரு. காலங்காலமா இங்கயே கம்முனு கெடக்கற ஜீவன். மூணாவது ஓடே இல்லாதது, கறுப்பு, நடு முதுகுல வெளிர் கோடு. அதுவும் ஆப்பிரிக்கச் சரக்குன்னுதான் சொல்றாங்க. வந்தவனுக்கும் இருந்தவனுக்கும் ஒரே தண்டனை குடுத்துட்ட. கவர்மெண்டு உத்தியோகத்துக்கு நீ ரொம்பப் பொருத்தம்.

"ஆப்பிரிக்கா நத்தை சேலையூருக்கு எப்டி வந்துது தாத்தா?"ன்னு கேளு. கேக்க மாட்ட, நானே சொல்றேன். நத்தை தானா நடந்து வரல. நத்தை மேல பிரியம் வெச்ச ஒருத்தரு கொண்டாந்தாரு. வில்லியம் ஹென்றி பென்சன்னு பேரு. டப்ளின்ல பொறந்தவரு, கம்பெனி உத்தியோகத்துக்கு இங்க வந்தாரு. ஆபீஸ் வேலை போவ மிச்ச நேரமெல்லாம் நத்தை ஓடுதான். நம்ம தேசத்து நத்தை எத்தினியோ வகைக்கு மொத மொத சாஸ்திரப் பேரு வெச்சவரு. சும்மா ஆளில்ல. அந்த மனுசன் 1847ல மொரிசியஸ்லேர்ந்து உசுரோட எடுத்தாந்தாரு. மொரிசியஸுக்கே அது கெழக்கு ஆப்பிரிக்கா பக்கத்துலேர்ந்து போனதுதான். கல்கத்தாவுல சௌரிங்கி பக்கம் ஒரு தோட்டத்துல எறங்கிச்சி. அவ்ளோதான். வண்டி ஏத்தி விட்டாச்சி. ரயிலு, லாரி, தொட்டி, மண்ணு, எதுல எடம் கெடச்சாலும் டிக்கெட் இல்லாம ஏறிகினு தேசம் பூரா பரவிடிச்சி. ஒண்ணும் தெரியாதவன் பண்ணியிருந்தா மன்னிக்கலாம், எல்லாம் தெரிஞ்சவரு பண்ணாரு.

அந்தக் கதையோட தங்கச்சி கதை ஒண்ணு அமெரிக்காவுல இருக்குது. 1966ல ஒரு பையன் ஹவாயிக்குப் போயிட்டு மூணு நத்தைய மயாமிக்கு எடுத்தாந்துட்டான். அவன் பாட்டி தோட்டத்துல விட்டுச்சி. பேரன் ஆசையா கொண்டாந்தத எந்தப் பாட்டிதான் குப்பையில போடும்? ஏழு வருசத்துல 18,000 நத்தை. ஒழிச்சி முடிக்கறதுக்கு 1975 ஆயிடிச்சி, பத்து லட்சம் டாலர் செலவு. அப்புறம் 2011ல மறுபடியும் கெளம்பிச்சி. நாய வெச்சி மோப்பம் புடிச்சித் தேடி, 2021ல ஒழிச்சோம்னு அறிவிச்சாங்க. 2022ல அதே புளோரிடாவுல இன்னொரு ஜில்லாவுல தலையத் தூக்கிடிச்சி. அத்தினி டாலர் வெச்சிருக்கறவனுக்கே இந்தக் கதி. நீ ஒரு பாக்கெட்டு உப்ப வெச்சிகினு போருக்குப் போற.

ஏன் இப்டிப் பெருகுதுன்னா, ஒவ்வொரு நத்தையிலயும் ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு. ரெண்டு சேந்தா போதும். பொண்ணு பாக்கறது, ஜாதகம், புரோக்கரு கமிசன் எதுவும் கிடையாது. ஒரு வாட்டி சேந்தா, அந்த வித்த மாசக்கணக்கா உள்ள பத்திரமா வெச்சிருந்து, வேணும்போது முட்டை வைக்கும். ஒரு ஈட்டுக்கு 200 வரைக்கும் வைக்கும். வருசத்துக்குப் பல ஈடு. அதனால உன் தொட்டி அடியில ஒரே ஒரு நத்தை ஒட்டிகினு வந்தாலே போதும். போன கார்த்தியில லாரியில எறக்கின செடித் தொட்டி இருக்குது பாரு, குரோட்டன்ஸு, அரளி, பேரு தெரியாத ஒரு பனை, அதுக்கு மேல ஒரு லோடு செம்மண்ணு. அன்னிக்கி மேளம் ஒண்ணுதான் கொறைச்சல், மாப்பிள்ளை அழைப்பே நடத்திட்டீங்க.

வீட்டுக்காரம்மா சொன்னாங்களாமே, செடிகூடப் போவட்டும், நத்தை செவுத்துல ஏறி என்னாத்த நக்குதுன்னு. நக்கல, சொரண்டுது. ஓடு வளரணும்னா சுண்ணாம்புச் சத்து வேணும். மண்ணுல பத்தலைன்னா பூச்சு, சிமெண்டு, வெள்ளையடிச்ச செவுரு, எது கெடச்சாலும் விடாது. லேபுல அது நாக்கப் பிரிச்சி எடுப்பாங்க, தம்பி. ஏரி நத்தைதான், ஆனா சங்கதி ஒண்ணுதான். ரேடுலான்னு பேரு, ரிப்பன் துண்டு கணக்கா மெல்லிசு. தண்ணியில அலசி, கண்ணாடித் தகட்டுல நீட்டி வெச்சி, பூதக்கண்ணாடியில கண்ண வெச்சா வரிசை வரிசையா பல்லு. ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல. மொத வரிசை தேஞ்சா பின் வரிசை முன்னால நவுந்து வரும். நமக்கு ஒரு கடவாப் பல்லு போனா ரூட் கேனாலுக்குச் சொத்த எழுதி வைக்கணும். அதுக்குப் பல்லு எப்பவும் ஸ்டாக்குல. ராவுல ட்ராபிக் சத்தம் ஓஞ்சப்புறம் செவுத்தாண்ட காத வெச்சிப் பாரு, சரக்கு சரக்குன்னு லேசா கேக்கும். அது உன் வீட்டுக் கடன் கரையற சத்தம்னு மட்டும் நெனச்சிக்காத. பேங்குக்காரன் அசலுல கழிக்க மாட்டான்.

நியாயமாப் பாத்தா அதுக்கும் ஒரு பாத்தியதை உண்டு. எங்க காலத்துல செவுத்துக்கு அடிச்ச சுண்ணாம்பு எதுன்ற? கிளிஞ்சல சூளையில சுட்டு நீத்தினது. கடலு ஓரத்துல கெடந்த இதுங்க பங்காளிங்களோட வீட்ட இடிச்சித்தான் நம்ம வீட்ட வெளுத்துகினோம்.

சரி, வெளையாட்டு வேணாம், இது ஒண்ண நல்லாக் கேட்டுக்க. ஆப்பிரிக்க நத்தைய வெறுங்கையால தொடாத. பிள்ளைங்கள தொட விடாத. எலி நுரையீரல்ல ஒரு புழு இருக்குது. எலிப் புழுக்கையில அதோட குஞ்சு வெளிய வரும், நத்தை அதத் தின்னும், புழு நத்தை ஒடம்புல வளரும். அந்த நத்தையோ, அரைகொறையா வெந்த கறியோ, கழுவாத கீரையில ஒட்டின குட்டி நத்தையோ வயித்துக்குள்ள போச்சின்னா, புழு மூளைப் பக்கம் போயி மூளை உறைக் காய்ச்சல் வரலாம். கேரளத்துல பிள்ளைங்களுக்கு வந்திருக்குது. அதனால மாடித் தோட்டத்து அரைக்கீரைய மூணு தண்ணியில அலசு. பச்சையா எலைய மெல்லற ஆரோக்கியமெல்லாம் மழைக்காலத்துல வேணாம்.

உன் மாமனாரு வேற, "இவ்ளோ கெடக்குதே, சூப்பு வெச்சா மூலத்துக்கு நல்லதாமே"ன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டாராம். ஊர்ல வயக்காட்டு நத்தைய நல்லா வேவ வெச்சி மூலத்துக்குத் தின்னுவாங்கன்றது வாஸ்தவம். ஆனா அது வேற நத்தை, வேற தண்ணி, வேற சுத்தம். இது சாக்கடை, எலிப் புழுக்கை, நாய்ப்பீ எதையும் விடாத ஆளு. வெள்ளக்காரனும் ஒரு காலத்துல காசநோய்க்காரனுக்கு நத்தைக் கஞ்சி குடுத்தவன்தான். நல்ல வேளை, 1928ல நம்ம தாம்பரத்துல சானடோரியம் ஆரம்பிச்ச முத்து டாக்டரு, இங்கிலாந்துல மெண்டிப் மலையில காசநோய் ஆஸ்பத்திரி நடத்தின அனுபவஸ்தரு, நல்ல காத்தையும் வெளிச்சத்தையும் நம்பினாரு. இல்லைன்னா சானடோரியம்ன்ற நம்ம ரயில்வே ஸ்டேசன் பேரே இன்னா ஆயிருக்குமோ.

இப்ப வழி சொல்றேன். பொழுது சாயறப்ப ஒரு சாக்க நனைச்சி செடியோரம் விரி. அதுக்கடியில பப்பாளி எலை, முட்டைக்கோசு மேல் எலை, இப்டி எதுனா போடு. ராவெல்லாம் தின்னுட்டு, விடிஞ்சா வெயிலுக்குப் பயந்து அதுக்கடியிலயே பதுங்கும். சூரியன் ஏறறதுக்கு முன்ன சாக்கத் தூக்கு, கையில ஒறை போட்டுகினு பொறுக்கு. ஒரு பக்கெட்டுல கெட்டி உப்புத் தண்ணி வெச்சிக்க. உன் உப்பு டப்பாவுக்கு அங்கதான் வேலை, மண்ணுல இல்ல. செத்தத ஆழமா குழி தோண்டிப் பொதை. பக்கத்துக் காலி மனையில வீசாத. அந்த மனைக்காரன் துபாய்ல இருந்தாலும் நத்தை இங்கதான் இருக்கும். காலி ஓட்ட அங்கங்க விட்டு வைக்காத, மழைத் தண்ணி நின்னா டெங்கு கொசுவுக்கு அது போதும். தொட்டிய நவுத்தி அடி மண்ணக் கெளறு. பயறு அளவுல வெளிர் மஞ்சளா கொத்தா கெடந்தா அதான் முட்டை, கொதிக்கற தண்ணிய ஊத்து.

பீச்சியில இருக்கற கேரள வன ஆராய்ச்சிக்காரங்க புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கச் சொல்றாங்க. கேக்கும், நல்லாவே கேக்கும். ஆனா கெணத்தாண்ட, மீன் தொட்டியாண்ட, ஏரிக்குப் போற கால்வாயாண்ட மயில்துத்தம் போவக் கூடாது. கடையில விக்கற நத்தைக்கொல்லிக் குருணையும் அப்டித்தான். நத்தைக்கு வெச்சத மூணாவது மாடி டாமி தின்னுட்டுப் போயிட்டா, அசோசியேசன் ரெண்டாப் பிரிஞ்சிடும்.

வாட்ஸப்புல எவனோ போட்டானாமே, நத்தையத் தின்னுற நத்தை ஒண்ணு இருக்குது, அத வளத்து விடலாம்னு. இருக்குது, நெசம்தான். 1970கள்ல பசிபிக் தீவுங்கள்ல இந்த ஆப்பிரிக்க நத்தைக்கு வைத்தியம் பண்றேன்னு அந்த வேட்டைக்கார நத்தைய எறக்கி விட்டாங்க. அதுக்கு பெருச தொரத்தறத விட, டஹிட்டி, மூரியாத் தீவு மரத்துல சாதுவா இருந்த பார்ட்டுலான்ற குட்டி நத்தை ருசியாப் பட்டுது. வகை வகையா அத்துப் போச்சி. மிச்சம் மீதி லண்டன் மிருகக்காட்சி சாலை மாதிரி எடத்துல கண்ணாடிப் பெட்டியில பொழைச்சிது. நமக்கு வேற ஆளு இருக்குது. செம்போத்து பாத்திருக்கியா, செவந்த கண்ணு, காக்கா ஒசரம், புதருக்குள்ள நடந்தே போவும். நத்தைய நல்லாத் தின்னும். அது ஒளியறதுக்குன்னு வேலியோரம் கொஞ்சம் புதரு இருந்துது. அழகா இல்லைன்னு போன மாசந்தான் செகரட்டரி ஜேசிபி வெச்சி எடுத்தாரு.

இப்ப ஏரி நத்தைக்கு வரேன். நீ அதப் பாத்திருக்க மாட்ட. உருண்டையா, எலுமிச்சம்பழத்த விடப் பெருசா, வாசல்ல ஒரு கெட்டி மூடி. ஆப்பிரிக்காக்காரனுக்கு மூடி கிடையாது, வெயில்ல எச்சிலக் காயவெச்சி வாய ஒட்டிக்குவான். இதுக்கு நெசமான மூடி, உள்ள போயி இழுத்துச் சாத்திக்கும். தண்ணியில இருக்கறப்ப செவுளு, கரைக்கு வந்தா நுரையீரலு, ரெண்டும் ஒரே ஒடம்புல. சித்திரையில ஏரி வத்துனா சேத்துக்குள்ள எறங்கி, மூடியச் சாத்திகினு மாசக்கணக்குல தூங்கும், மழை வந்தா எழுந்து வரும். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிங்கள்ல கோடையில நடந்தா அத்தினியும் காலுக்கு அடியில தூங்கிகினு இருக்கும். அப்டித் தூங்கினதுங்க மேலதான் பல எடத்துல பைலிங் போட்டாங்க. எழுந்து வரச் சொல்லி எந்த மழை கூப்பிட்டாலும் இனிமே சிலாபு திறக்காது.

அதத் தின்னவே ஒரு பறவை பொறந்திருக்குது, நத்தை குத்தி நாரை. பள்ளிக்கரணைக்கு ஒரு வாட்டி போய்ப் பாரு. அலகு நடுவுல சந்து விட்டிருக்கும், முழுசா மூடாது. கொட்டை ஒடைக்கற பாக்குவெட்டின்னு நாங்க நெனச்சிகினு இருந்தோம். அதில்ல. ஓட்ட ஒடைக்காது. தண்ணிக்கடியிலயே கீழ் அலகு மொனைய மூடிக்கும் ஓட்டுக்கும் நடுவுல நொழைச்சி, சதைய அறுத்து, ஆளமட்டும் உருவிடும். ஓடு கீறல் இல்லாம அப்டியே கெடக்கும். லேபுல எம்எஸ்ஸி பசங்க கத்தி, கத்திரி, ஊசின்னு பெட்டி நெறைய வெச்சிகினு இருந்தும் பாதி நத்தைய நசுக்கித்தான் எடுத்தாங்க. 2022ல பள்ளிக்கரணைக்கு ராம்சார்னு உலக அந்தஸ்து குடுத்தாங்க. பலகை வெச்சா நாரைக்கு வயிறு ரொம்பாது. செம்பாக்கம் பக்கத்து ஏரிங்க நெறைஞ்சி ஒண்ணுலேர்ந்து ஒண்ணு வழிஞ்சி கடைசியில அங்கதான் போய்ச் சேரணும். வழியில நம்ம செப்டிக் டேங்கு லாரி எறக்கறதும் சேந்துதான் போவுது.

ஏரி நத்தையாவது மேல வந்து காத்து இழுத்துப் பொழைக்கும். சிப்பிக்கு அதுவும் கிடையாது. ஏரி அடியில பாதி பொதைஞ்சி கெடந்து, தண்ணிய உறிஞ்சி, அழுக்கப் புடிச்சிகினு, வெளிய விடும். கரண்டு பில்லு இல்லாத ஃபில்டரு. அதோட குஞ்சுக்கு மீனு வேணும். மீனு செவுள்ல கொஞ்ச நாள் தொத்திகினு இருந்துட்டுத்தான் எறங்கிப் பெருசாவும். மீனு போச்சின்னா சிப்பி வம்சம் போச்சி. அதே நேரத்துல அழையா விருந்தாளிங்க நல்லாவே இருக்காங்க. எண்ணூரு, பழவேற்காடு பக்கம் செம்படவங்க காக்கா ஆழின்னு சொல்ற தென்னமெரிக்கச் சிப்பி, முகத்துவாரத்து அடிய மூடி, மஞ்ச மட்டிய, எறால ஓரங்கட்டிட்டு ஒக்காந்திருக்குது. கப்பல்ல வந்திருக்கும்னு பேசிக்கிறாங்க. பென்சன் காலத்துலேர்ந்து பழக்கம் ஒண்ணுதான், வாகனம்தான் மாறிச்சி.

சீமையில எப்டின்னு கேளேன். அங்க நத்தைக்குன்னே 1876லேர்ந்து ஒரு சங்கம். எந்தக் கிராமத்துல எந்த நத்தை, எந்த ஓடையில எந்தச் சிப்பின்னு எழுதி எழுதி வெச்சிருக்கான். 1996ல நியூபரின்னு ஒரு ஊர்ல பைபாஸு போட எறங்கினாங்க. வழியில ஒரு நத்தை, மூணு மில்லிமீட்டர் கூட இருக்காது, அரிசியில பாதி. அதுக்காக கோர்ட்டு, கேசு, ஆர்ப்பாட்டம். கடைசியில ரோடுதான் ஜெயிச்சிது. நத்தைய மண்ணோட, புல்லோட பேத்துக் கொண்டுபோயி வேற எடத்துல குடி வெச்சாங்க. பத்து வருசத்துல அங்க ஒண்ணும் மிஞ்சல. நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா சிரிப்பானுங்க, அரிசிப் பாதிக்கு ஆர்ப்பாட்டமான்னு. சிரிக்கட்டும். அவன் எது போச்சின்னு எழுதியாவது வெச்சிருக்கான். இங்க 2021ல தாம்பரம் மாநகராட்சி ஆச்சி, தண்ணி வரி, சொத்து வரி, நாய்க்கு லைசன்ஸு வரைக்கும் கணக்கு இருக்குது. செம்பாக்கம் ஏரியில சிப்பி இருக்கா இல்லியான்னு எந்த ரெஜிஸ்டர்லயும் கிடையாது. லேபுல என் கையால ஒட்டின பாட்டில் லேபிள்ல இருந்துது, அதையும் பழைய சாமான்னு ஏலம் விட்டுட்டாங்க.

ஞாயித்துக்கெழமை மீட்டிங்குல நத்தைதான் மொத அஜெண்டாவாமே. போ, போயிட்டு மூணே மூணு விசயம் பேசு. புதுசா தொட்டி எறங்கினா கேட்டுலயே தூக்கி அடியப் பாக்கணும், மண்ணு லோடு வந்தா கொட்டி, கெளறி, ரெண்டு நாளு வெயில்ல போட்டப்புறந்தான் செடிக்கு. தட்டை நத்தைய எவனும் கொல்லக் கூடாது, படம் போட்டு லிஃப்டுல ஒட்டுங்க. வேலியோரப் புதர திரும்ப வளர விடணும், செகரட்டரிக்குக் கோவம் வந்தா வரட்டும். உப்பு வாங்கின பில்ல அவரு கணக்குல காட்டுவாரு, கைதட்டிடாத. பப்பாளி எலை என் மரத்துலேர்ந்து சும்மாவே எடுத்துக்க. சாக்கு மட்டும் நீ கொண்டாந்துடு. பிளாஸ்டிக் அரிசிப் பை வேணாம், ஈரம் புடிக்காது. சணல் சாக்கு, கேம்ப் ரோட்டு மண்டியில கேட்டா குடுப்பான். பேரம் பேசாம வாங்கிட்டு வந்துடாத.